ஹெல்மெட்டோடு கார் பார்க்கப் போன அக்கா

எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருக்கும் என் அக்கா, ஹெல்மெட்டையும் அம்மாவின் மடக்குச் சக்கர நாற்காலியையும் தூக்கிக்கொண்டு கார் ஷோரூமுக்குப் போனாள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். தினமும் அம்மாவோடு ஊர் சுற்றவும், ஞாயிறன்று கார் பந்தயத் தடத்தில் பறக்கவும் ஒரே கார், அதுவும் இரண்டு கதவு கார்தான் வேண்டுமாம்.

விற்பனையாளர் வேகத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். அக்கா ஹெல்மெட்டை மாட்டி முதல் காருக்குள் உட்கார்ந்தாள். தலை கூரையில் இடித்தது.

"வேணாம்."

அடுத்த காரின் டிக்கியில் நாற்காலி நுழையவில்லை.

"இதுவும் வேணாம்."

"நாலு கதவு வண்டி பாக்கலாமே, மேடம்?"

"நான் கேட்டதைக் காட்டுங்க."

ஐந்தாவது காரில் தலையும் இடிக்கவில்லை, நாற்காலியும் நுழைந்தது. ஆனால் இருக்கை தரையோடு தரையாக இருந்தது. அம்மா கதவைப் பிடித்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள்.

அக்காவின் முகம் வாடியது. "இதிலிருந்து எழுந்திருக்க முடியுமாம்மா?"

"இப்ப எதுக்குடி எழுந்திருக்கணும்? வண்டிய எடு."