துடைப்பம் போட்ட சத்தம்

கடையில் அவருக்குத் துடைப்பம் என்று பெயர். பழைய வீடியோ கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் கடை அது. பிறந்தநாள் விழாவில் ஓடிய மின்விசிறி, பள்ளி ஆண்டுவிழாவில் அழுத குழந்தை, மேடையில் பேசுகிறவரின் இருமல், எதுவானாலும் பெருக்கித் தள்ளிவிடுவார். அதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி, பிளேயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும். பேச்சைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்பது அந்தப் பெட்டியின் கொள்கை. மனிதரின் கொள்கையும் அதுவேதான். வீட்டில் மிக்ஸி ஓடினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பதை நெருங்கும் வயதில் பங்க் ராக் பைத்தியம் பிடித்தது. ராகத்தையும் நாகரிகத்தையும் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து கத்துகிற சங்கீதம். பிடிக்க வைத்தவர் கடையின் வாடிக்கையாளரான பல் டாக்டர். டாக்டரின் தலைமையில் ஒரு ரசிகர் குழு இயங்கியது. அவர்கள் கும்பிடுவது ஒரே ஒரு படத்தை. துணி மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் பாட்டுக்குழு தொடங்கி, முதலாளி வீட்டு வாசலில் நின்று கத்துகிற படம். ஒரு வாரம்கூட ஓடாமல் தியேட்டரைவிட்டுத் தூக்கிவிட்டார்களாம். படப்பெட்டியும் போச்சு, பாட்டும் போச்சு.

குழுவில் ஒருத்தர்கூட அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அது அவர்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. கடைசிப் பாட்டில் கதாநாயகி போடும் அலறல் ஆளையே உலுக்கிவிடும் என்று, கேட்காத காதை வைத்துக்கொண்டு சத்தியம் செய்வார்கள். இந்தப் புரட்சிக்காரர்கள் கூடுவது ஞாயிற்றுக்கிழமை மதியம், டாக்டர் வீட்டு ஏ.சி. அறையில், செருப்பை வெளியே வரிசையாக விட்டுவிட்டு. துடைப்பமும் மண்டையோடு போட்ட கறுப்பு டி-ஷர்ட் ஒன்று வாங்கினார். அதை மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"கலகம் பண்ணப் போறீங்க, கசங்கியிருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

குழுவில் அவருக்குக் கடைசி நாற்காலிதான். டாக்டர் அவரிடம் பேசியதெல்லாம் புரொஜெக்டர் வயரைப் பற்றி மட்டுமே. ஒரு நாளாவது முன் வரிசையில் உட்கார வேண்டும் என்று மனிதர் ஏங்கிப் போனார்.

அப்போதுதான் அடுத்த தெருவில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கும் அக்கா ஒரு கேசட்டோடு வந்தாள். தொண்டையில் ஆபரேஷன் ஆனவள். பேசினால் காற்றுதான் வரும், காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

"இந்தப் படத்துல நான்தான் தம்பி பாடினேன். டைரக்டர் குடுத்த காப்பி, பூஞ்சை புடிச்சுப்போச்சு. கடைசிப் பாட்டுல என் குரலை ஒரு தடவை கேட்டுட்டா போதும். எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோச்சு."

லேபிளைத் துடைத்துப் பார்த்தார். அந்தப் படமேதான்.

பூஞ்சை பிடித்த டேப் ஒரு தடவைதான் ஓடும். ஓடும்போதே பூச்சு உரிந்து வந்துவிடும். பிளேயரில் நேராக மாட்டியிருந்த டிவியில் அவர் படத்தைப் பார்த்தார், கேட்டார். கடைசிப் பாட்டில் கதாநாயகி அக்காவின் குரலில் அலறினாள். துடைப்பத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாழ்நாள் முழுக்க எதையெல்லாம் பெருக்கித் தள்ளினோமோ அதெல்லாம் திரண்டு வந்து நெஞ்சில் அறைந்தது போல இருந்தது. அழுதேவிட்டார், பாவம்.

அழுது முடித்துக் கம்ப்யூட்டரில் பதிவானதைப் போட்டுப் பார்த்தால் கடைசிப் பாட்டில் அலறல் இல்லை. கிட்டார் இல்லை, கூட்டத்தின் கூச்சல் இல்லை. கதாநாயகியின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நடுவிலிருந்த பெட்டியை எடுக்க மறந்திருந்தார். அது தன் கடமையைச் சுத்தமாகச் செய்துவிட்டது. டேப்போ துகளாக உதிர்ந்து கிடந்தது.

"அந்த அக்காகிட்ட உடனே சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"சொன்னா அந்தக் குழுவுல என்னை முன் வரிசையில உக்கார வைப்பாங்களா?"

"பெரிய குழு."

அவர் சொல்லவில்லை. டாக்டருக்குத்தான் போன் போட்டார். படம் கிடைத்துவிட்டது என்று கேட்ட டாக்டர், பாடினவளையும் அழைத்து வரச் சொன்னார். துடைப்பத்துக்கு முன் வரிசை கிடைத்தது. பக்கத்திலேயே அக்காவும் உட்கார்ந்தாள், நல்ல புடவை கட்டிக்கொண்டு.

கடைசிப் பாட்டு வந்தது. திரையில் இளம்பெண் ஒருத்தி வாயைத் திறந்தாள். அறையில் ஏ.சி. ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

விளக்கைப் போட்டதும் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன ஒரு துணிச்சல். அலறலையே மௌனமா வச்சிருக்கார் பாருங்க டைரக்டர். இதுதாங்க நிஜமான கலகம்." எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஒருத்தர் துடைப்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அக்கா மட்டும் எழவில்லை. அவர் பக்கம் திரும்பி, "என் குரல் இப்ப வர்ற மாதிரியே அப்பவும் வெறும் காத்தாத்தான் வந்துச்சா தம்பி?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைத் தாங்க மனிதருக்குத் தெம்பில்லை. "இல்லைக்கா. நான்தான் அழிச்சுட்டேன்," என்று உடைந்துபோய், பெட்டி, டேப், டிவி எல்லாவற்றையும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். கைதட்டல் நின்றது. கட்டிப் பிடித்தவர் கையை எடுத்துக்கொண்டார். டாக்டர் மூக்குக் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

அக்கா அவர்களைப் பார்க்கவே இல்லை. "டிவியில கேட்டேன்னு சொன்னீங்கல்ல?"

"கேட்டேன்க்கா."

"அப்ப கத்திக் காட்டுங்க."

"நானா?"

"வேற யாரு கேட்டிருக்கா?"

இஸ்திரி போட்ட மண்டையோட்டோடு துடைப்பம் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், இருமல் வந்தது. அக்கா தலையை ஆட்டினாள். மறுபடி கத்தினார். அக்கா உள்ளங்கையை மேலே தூக்கி இன்னும், இன்னும் என்றாள். மூன்றாம் தடவை எங்கிருந்தோ கிளம்பி வந்த சத்தத்தில் அவருக்கே உடம்பு உதறியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "ஆமா," என்று அவள் உதடு அசைந்தது.

அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று டாக்டர் ஓடிப்போய், ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலுக்குத் திரையையும் இழுத்துவிட்டார்.

"ஜன்னலைத் தொறந்து வைங்க சார்," என்றாள் அக்கா. "தம்பி, மறுபடியும்."