தண்ணீரும் வரவில்லை, காற்றும் வரவில்லை

நியூ ஜெர்சியில் நானும் என் கணவரும் வாங்கிய முதல் வீட்டில் கராஜுக்கு மேலே ஓர் அறை இருந்தது. பேஸ்மென்டில் இருந்த பாய்லர் சூடாக்கும் தண்ணீரை ஒரு பம்ப் எல்லா அறைகளின் சுவரோரக் குழாய்களுக்கும் சுற்றி அனுப்பும். ஹாலில் இருந்த ஒரே தெர்மோஸ்டாட் தனக்குப் போதும் என்றதும் எல்லாம் நின்றுவிடும். கடைக்கோடியில் இருந்த கராஜ் அறைக்கு எப்போதும் மிச்சம்தான்.

அந்தக் குளிர்காலத்தில் என் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வருவது முடிவானது. அப்பாவுக்குக் குளிர் பட்டால் இழுப்பு வரும். பிளம்பரை அழைத்து ஜோன் வால்வுகள் போட்டோம். இனி கராஜ் அறைக்குத் தனித் தெர்மோஸ்டாட். அது கேட்டால் அதன் வால்வு திறக்கும், கேட்காவிட்டால் மூடியே இருக்கும்.

அவர்கள் வரும்வரை அதை அணைத்து வைத்தோம். ஊரில் எங்கள் இருவர் வீட்டிலும் ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் யாராவது கத்துவார்கள். அதனால் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளக்கூட இல்லை.

அவர்கள் இறங்கும் நாள் காலையில் தெர்மோஸ்டாட்டைப் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அறை அப்படியே இருந்தது. குழாயில் கை வைத்தால் சில்லென்றது.

பிளம்பர் வீட்டில் ஆன்சரிங் மெஷின்தான் பேசியது. மதியம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். வால்வு மக்கர் செய்தால் எனக்கு நான்கு கேள்விகள், இதே வரிசையில்: சிக்னல் போகிறதா, கரண்ட் வருகிறதா, வால்வு அசைகிறதா, அதைத் தாண்டி ஏதாவது ஓடுகிறதா. கணவரை மேலே தெர்மோஸ்டாட் பக்கத்தில் நிறுத்திவிட்டு மல்ட்டிமீட்டருடன் பேஸ்மென்டுக்கு இறங்கினேன்.

"இப்போ?" என்று மேலிருந்து கத்தினார்.

"வோல்டேஜ் வருது. ஆஃப் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்."

"போயிடுச்சு. திரும்பப் போடுங்க."

வால்வின் மோட்டார் முனகியது. பக்கத்திலிருந்த கைப்பிடி தடையில்லாமல் ஆடியது. வால்வு திறந்துவிட்டது என்று அர்த்தம். பாய்லர் எரிந்தது, பம்ப் ஓடியது. வால்வு வரை குழாய் கை வைக்க முடியாத சூடு. வால்வைத் தாண்டி ஒரு முழம் போனதும் பச்சைத்தண்ணீர்.

"அப்ப ஏர் லாக்தான்," என்றார் அவர். "எங்க வீட்டு மோட்டார்ல பாக்காததா? காத்தை வெளிய விட்டா தன்னால ஓடும்."

அறையில், குழாயின் உயரமான இடத்தில், காற்றை வெளியேற்ற ஒரு சிறு திருகு உண்டு. அவர் திருக, நான் கீழே டம்ளரைப் பிடித்தேன். காற்று இருந்தால் சீறும், தண்ணீர் இருந்தால் சொட்டும். இரண்டும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். டம்ளர் காலியாகவே இருந்தது.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உறைஞ்சிடுச்சுங்க."

"எது?"

"கராஜ் சுவர்ல போற பைப். முன்னாடி ஹாலுக்கு ஓடறப்பல்லாம் அதுலயும் ஓடிட்டிருந்துச்சு. இப்ப வால்வை மூடி வெச்சுட்டோம். தண்ணி அசையாம நின்னிருக்கு."

கராஜுக்கு ஓடினோம். அறைக்குப் போகிற குழாயும் திரும்புகிற குழாயும் வெளிச்சுவரை ஒட்டி ஏறுகின்றன. அவற்றின் மேல் சுற்றியிருந்த நுரைப்பட்டையைப் பிரித்ததும், இரண்டின் வளைவிலும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது தெரிந்தது.

உறைந்ததை இளக்கிவிடலாம். ஐஸ் விரிந்து செம்பைக் கிழித்திருந்தால்தான் ஆபத்து. கிழிசலை ஐஸே அடைத்துக்கொண்டிருக்கும், உருகும்வரை தெரியாது. கிழிந்திருந்தால் பிளம்பர் வரும்வரை அந்த அறை இல்லை. எங்கள் அறையைக் கொடுக்கலாம்தான். ஆனால் மாப்பிள்ளை கட்டிலில் அப்பா படுக்கவே மாட்டார். ஹாலில் சோபாவில் உட்கார்ந்தே இரவைக் கழிப்பார்.

"எங்கம்மா இதே ரூம்ல ரெண்டு கம்பளி போத்திட்டுதான் படுத்தாங்க," என்றார் அவர், நுரைப்பட்டையைச் சுருட்டியபடி. "அப்ப யாரும் வால்வு போடல."

"அத்தை வந்தது ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்லயும் குளிருதுன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

பேஸ்மென்டில் அந்தச் சுற்றின் இரண்டு கைவால்வுகளையும் மூடினேன். கிழிந்திருந்தாலும் பாய்லர் தண்ணீர் வராது. மேலே திருகைத் திறந்தே வைத்தேன், உருகுவது வெளியேற ஒரு வழி வேண்டும். இருவருமாக ஏர்போர்ட் போவதாக இருந்தோம்.

"நான் இருக்கவா?" என்றார்.

"அவங்களை யாரு கூட்டிட்டு வர்றது? கிளம்புங்க."

"பைப் கிழிஞ்சிருந்தா?"

"வால்வைத் திரும்ப மூடிடுவேன். போங்க, ஐஸ்ல மெதுவா ஓட்டுங்க."

ஏணியில் நின்று ஹேர் டிரையரை மேல் முனையிலிருந்து கீழே கொண்டுவந்தேன். வெள்ளைப் பூ நீராகி வழிந்தது. அது வெளியே படிந்த பனியா, உள்ளிருந்து கசிவதா என்று சொல்ல முடியவில்லை. துடைத்தேன், மறுபடி ஈரம். மறுபடி துடைத்தேன். குழாய்க்குள் ஏதோ கடகடவென்று இறங்கியது. கடைசியில் இரண்டு வளைவுகளும் காய்ந்து வெதுவெதுப்பானதும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு பேஸ்மென்டுக்கு ஓடினேன்.

ஒரு கைவால்வை மட்டும் கொஞ்சமாகத் திறந்தேன். தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. அது குழாய்க்குள் போகிறதா, கராஜ் தரையில் போகிறதா? படியேறி வந்து பார்த்தேன். டிஷ்யூ காய்ந்திருந்தது. திரும்ப இறங்கி இரண்டையும் முழுவதும் திறந்துவிட்டு, நேராக அறைக்கு ஓடி, திருகின் அடியில் டம்ளரை வைத்தேன்.

சமையலறையில் போன் அடித்தது. எடுக்கப் போக முடியாது. திருகு இருமியது, சீறியது, கறுப்பாகத் துப்பியது. போன் அடங்கி மறுபடி அடித்தது. துப்பல் நின்று தண்ணீர் ஒரே சீராக விழுந்ததும் திருகை மூடினேன். போனைத் தாண்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன். டிஷ்யூவை விரலால் அழுத்திப் பார்த்தேன். ஈரமில்லை. அதன் பிறகுதான் போனை எடுத்தேன்.

"ஏன்டி எடுக்க இவ்ளோ நேரம்?" ஏர்போர்ட்டிலிருந்து அம்மாவின் குரல். "மாப்ள முகமே சரியில்ல. நாங்க பயந்துட்டோம்."

"தண்ணி வருதான்னு பாத்துட்டிருந்தேன்மா."

"அங்கயுமா?" என்றாள் அம்மா. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றுவிட்டு விமானம் ஏறியவள். பின்னால் கணவர் ஏதோ கேட்டார். "வந்துச்சான்னு கேக்கறார்டி."

"வந்துடுச்சுன்னு சொல்லும்மா."

"வந்துடுச்சாம் மாப்ள... ஒழுகுதான்னு கேக்கறார்."

"ஒழுகல. அப்பா ஸ்வெட்டரைக் கழட்ட வேணாம்னு சொல்லு. ரூம் இன்னும் சூடாகல."

போனை வைத்துவிட்டு அறைக்குப் போனேன். சுவரோரத் தகடு சூடேறி விரியத் தொடங்கி, டிக், டிக் என்றது. என் மூச்சு இன்னும் புகையாகத்தான் வந்தது. சூடு வெளியே போகாமல் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கு விரிப்பு எடுக்கப் போனேன்.