நாலேகால் பஸ்ஸு

ரெண்டு கோடியே நாப்பது லட்சம். இந்த நம்பர மறக்காத. ஜெனிட்டா வேல பாக்கற கம்பெனி செய்யற வருகைப் பதிவு மெஷின்ல, டைமர் ஒரு செகண்டுக்கு அத்தினி தபா துடிக்கும்.

அந்த நம்பர எழுதி வைக்கிறது யாரு வேல? மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல எழுந்துக்கற சின்ன புரோகிராம் ஃபர்ம்வேர். அது எழுதணும். அப்பால மெஷின முழுசா ஓட்டற கெர்னல் அத்த படிக்கணும், கை வைக்கக் கூடாது. ரெண்டும் எழுதி ஒருதபா நேரமே கொழம்பிப் போச்சு. நாவலூர் ஆபீஸ்ல சண்ட போட்டு இந்த ரூல கொண்டாந்ததே கெர்னல் எழுதற ஜெனிட்டாதான்.

அவ அக்கா ஜாய்ஸுக்கு திருவிடந்தை பக்கம் எறா உரிக்கிற ஷெட்ல வேல. செல்போனு, வாட்ச்சு எதயும் கொண்டாரவே கூடாதுன்னுட்டானுங்க. காலைல எட்டுக்கு உள்ள போனா, செவுத்து மெஷின் நாலு காட்டுனாத்தான் வெளிய வுடுவான்.

"நாலேகால் பஸ்ஸு தெனம் முன்னாடியே பூடுதுடி"ன்னா ஜாய்ஸு. "கண்டக்டர நாக்கப் புடுங்கற மாதிரி கேட்டேன். 'வாட்ச்ச பாரு ஆயா'ங்கறான். நான் ஆயாவாடி?"

"எப்பலேந்து?"

"பொங்கலுக்கு அப்பால."

ஜெனிட்டாவுக்கு சிரிப்பு வரல. அந்த ஷெட்டுக்கு அவ கம்பெனியோட புது மெஷின் போனதும் பொங்கலுக்கு அப்பாலதான்.

மறுநாள் ஆபீஸ்ல பாத்தா, அந்த மெஷின்ல ஃபர்ம்வேர் எழுதியிருந்தது ரெண்டு கோடியே அம்பது லட்சம். வேற போர்டோட நம்பர். காலைல ஆன் ஆனதும் பேட்டரி கடிகாரத்துலேந்து சரியான நேரத்த எடுத்துகினு, அப்பால ரெண்டரை கோடி துடிப்பு எண்ணுனாத்தான் ஒரு செகண்டுன்னு பொழுதுக்கும் மெதுவா ஓடிகினு கீது மெஷின். நம்பர் சரியான்னு பாக்கற வரிய, அந்த ரூலுக்காக கெர்னல்லேந்து எடுத்துப் போட்டது யாரு? ஜெனிட்டா.

ஃபர்ம்வேர மாத்தணும்னா ஒவ்வொரு மெஷினையும் கழட்டணும். கெர்னலுக்கு பென்டிரைவ் சொருவுனா போதும். நம்பர கெர்னலே திருத்திக்கற மாதிரி ஒரே வரி. ஜெனிட்டா எழுதி அனுப்புனா.

ஃபர்ம்வேர் பாக்கற அஃப்தாப் திருப்பி அனுப்பிட்டான். "இன்னா ஜெனிட்டா, நீ போட்ட ரூல நீயே ஒடைக்கிற?"

"ஜனங்க உள்ள மாட்டிகினு கீதுங்க, அஃப்தாப்."

"இத்த ஏத்துகினா தப்பு எங்க டீம் தலைல வுழும்."

மேனேஜர் வெங்கடேசன் கிட்ட போனா. "அடுத்த பேட்ச் மெஷின்ல சரி பண்ணிக்கலாம்மா. மாட்டுன மெஷின பத்தி ஒருத்தரும் கம்ப்ளெயின்ட் பண்ணலியே?"

"எங்க அக்கா தெனம் பஸ்ஸ வுட்டுட்டு நிக்கறா சார்."

"அப்ப டெப்போவுக்கு எழுதிப் போடச் சொல்லு."

ஜெனிட்டா சீட்டுக்கு வந்தா. மெஷின்தான் தப்புன்னு அக்கா கிட்ட சொல்லல.

அன்னிக்கும் நெசமான நேரம் நாலு இருபது ஆனப்பதான் மெஷின் நாலு காட்டுச்சு. ஜாய்ஸு ரோட்டுக்கு ஓடுனா. பஸ்ஸு அதுக்குள்ள பூட்டிருந்துச்சு. கண்டக்டர திட்டிகினே நின்னா. அந்த ஷெட்ல இன்னும் எத்தினியோ பொம்பளைங்க.

ஆளுக்கு தெனம் இருபது நிமிஷம் ஓசி வேல.