சோளத் தோல் பூவும் வார நாட்களில் வந்த மாப்பிள்ளையும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மகளுக்கு நிச்சயம் முடிந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று மண்டபமும் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பெங்களூருவில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. என் மகளும் அங்கேதான் வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தினமும் விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி திரும்புவாள்.

நான் இங்கே உள்ள தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். செய்து முடித்த பாகத்தில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்து, சிவப்பு சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கி வைப்பதுதான் என் வேலை. வேலையை விட்ட பிறகும் அந்தக் கண் போகவில்லை. காய்கறிக்காரரில் இருந்து கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் வரை எல்லோரையும் அப்படித்தான் பார்ப்பேன்.

கல்யாண அலங்காரத்தை எல்லாம் கையாலேயே செய்வது என்று மகளும் மாப்பிள்ளையும் முடிவு செய்திருந்தார்கள். தெர்மாகோல் கூடாது, பிளாஸ்டிக் பூ கூடாது, ஃப்ளெக்ஸ் பேனர் கூடாது. "ஊர்ல இருக்கற சயனைடு மேடே போதும்பா, நம்ம பங்குக்கு வேற குப்பை வேணாம்" என்றாள் மகள். சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்து கிடக்கிற, காற்றடித்தால் அந்தத் தூசி சோற்றில் விழுகிற ஊரில் வளர்ந்தவள். அவளை மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் பூதிகோட்டையில் தெரிந்தவர் வயலில் இருந்து மக்காச்சோளத் தோல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியபோது எனக்குச் சுருக்கென்றது. மாட்டுக்குப் போடுவதை மணமேடையில் கட்டுவதா?

அந்தத் தோலை ஊறவைத்து, மஞ்சளிலும் பீட்ரூட் சாற்றிலும் சாயம் ஏற்றி, இதழ் இதழாக வெட்டிப் பூ கட்டினார்கள். பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் தோரணம் தைத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷீட் கொட்டகைதான் பட்டறை. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மாப்பிள்ளை வந்தார். அப்போது எனக்கிருந்த சந்தேகம் ஒன்றுதான்: பையன் கஞ்சனோ?

பிறகு அவர் வார நாட்களிலும் வர ஆரம்பித்தார்.

ஊரே காலையில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போகும். இவர் அங்கிருந்து எதிர்த்திசையில் வந்து இறங்குவார். அதுவும் என் மகள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து. ஒருநாள் லீவு என்றார். இன்னொரு நாள் வீட்டில் இருந்தே வேலை என்றார். வீட்டில் இருந்து வேலை என்றால் அவர் வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்? சாப்பாட்டுக்கு அவர் கை கழுவப் போனபோது அவருடைய ஆபீஸ் பையை எட்டிப் பார்த்தேன். லேப்டாப் இல்லை. கத்தரிக்கோல், நூல்கண்டு, மைதா பசை டப்பா, தண்ணீர் பாட்டில். பகல் முழுவதும் ஒரு போன்கூட வரவில்லை. என் மகளுக்குச் சாப்பிட உட்கார்ந்தால்கூட ஆபீஸில் இருந்து அழைப்பு வரும்.

என் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. எங்கள் தெருவில் ஒரு பெண் அவர் கம்பெனி இருக்கும் அதே கட்டடத்தில் வேலை பார்ப்பது நினைவுக்கு வந்தது. அவள் ரயிலைவிட்டு இறங்கி வரும் வழியில் நின்று, பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அந்தக் கம்பெனியில் ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள், நிறைய பேரை அனுப்பிவிட்டார்கள் என்றாள். எந்தப் பிரிவு என்று கேட்டேன். சொன்னாள். மாப்பிள்ளையின் பிரிவு.

வீடு வரும்வரை எனக்கு உடம்பு கொதித்தது. சுரங்கம் மூடியபோது எங்கள் தெருவில் எத்தனை கல்யாணம் நின்றுபோனது என்று பார்த்தவன் நான். வேலை போன ஆண்கள் பகலெல்லாம் தெருமுனையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன். என் மகளை அப்படி ஓர் இடத்தில் கொடுப்பதா? வேலை போனதைக்கூட விட்டுவிடலாம். அதை மறைத்துக்கொண்டு என் வீட்டிலேயே உட்கார்ந்து பூ கட்டுகிற ஆளை எப்படி நம்புவது?

சமையலறையில் நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகளுக்கும் தெரியுமாம். வேலை போன அன்றே அவளிடம் சொல்லிவிட்டாராம். மனைவிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மாப்பிள்ளை வார நாளில் முதல்முறை வந்தபோதே சாப்பாடு போட்டுக்கொண்டே விசாரித்தாளாம்.

"இன்னா தம்பி, முகம் வாடியிருக்குதேன்னு கேட்டேன். சொல்லிட்டாரு."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள். "உங்ககிட்ட சொன்னா முழுசா கேக்க மாட்டீங்க. சிவப்பு சாக்பீஸை எடுத்துடுவீங்க. அந்தப் பயம்தான் எல்லாருக்கும்."

நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து என்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அன்று நான் சாப்பிடவில்லை. மகளிடமும் பேசவில்லை.

அடுத்த தடவை மாப்பிள்ளை வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து தோலை நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மாப்ள, வேலை இருக்குதா, இல்லீங்களா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இல்ல மாமா. போயிடுச்சு."

பொய் சொல்வார், அதைப் பிடிக்கலாம் என்று தயாராகப் போயிருந்த எனக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவரே பேசினார்.

"ஒவ்வொரு தடவையும் இன்னிக்கு உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் மாமா ட்ரெயின் ஏறுறேன். அவ இல்லாத நாளா வந்தாதான் தனியா பேச முடியும்னு நினைச்சேன். பங்காருப்பேட்டை தாண்டற வரைக்கும் தைரியமா இருக்கும். இங்க வந்து உங்க முகத்தைப் பார்த்தா எல்லாம் போயிடும். சும்மா உக்கார முடியாம பூ கட்டிட்டுப் போயிடுவேன்."

கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன். கூடை கூடையாகப் பூ. மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை. ஒரு மண்டபத்துக்கு அத்தனை தேவையே இல்லை. அதில் பாதி, என்னிடம் பேச வந்து பேசாமல் திரும்பிய நாட்களில் கட்டியவை. ஒரு பூவை எடுத்துப் பார்த்தேன். பழக்கம் விடுமா, பிசிறு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை.

அவர் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், தெரியாது என்று. சம்பந்தியும் என்னைப் போன்ற ஆள்தான்.

"நாளைக்கு அவர்கிட்ட நீங்களே சொல்லணும். நானும் கூட வர்றேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ரயிலில் மகளோடு நானும் போனேன். பெங்களூரு ஸ்டேஷனில் மாப்பிள்ளை காத்திருந்தார். மகளும் அன்று ஆபீஸுக்குப் போகவில்லை; மூவருமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். சம்பந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகனைத் திட்டவில்லை, என்னைத்தான் பார்த்தார். கல்யாணம் நிற்கப்போகிறது என்ற பயத்தில் அந்த மனிதரின் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்.

அந்த நிமிஷம் வரை நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. "அவர் வேலை தேடட்டும். கல்யாணம் அது பாட்டுக்கு நடக்கட்டும்" என்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிச்சயத்துக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்தது அன்றுதான்.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. மண்டபம் முழுக்கச் சோளத் தோல் பூவும் புடவைத் தோரணமும். வாசலில் மட்டும் பச்சைத் தென்னங்கீற்று. சிலர் நான் செலவுக்குப் பயந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். சிலர் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். மிச்சமிருந்த பூவை உறவினர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மாப்பிள்ளைக்கு வேலை உடனே கிடைக்கவில்லை. சில மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்தது. மகள் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. நானும் ஒவ்வொரு நாளும் கவலைப்பட்டேன், ஆனால் கேள்வி கேட்கவில்லை. கடைசியில் முன்பைவிடச் சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தச் செய்தியை அவர் முதலில் போன் செய்து சொன்னது எனக்குத்தான். எனக்குப் பிறகுதான் தனக்குத் தெரிந்தது என்று மகள் இன்றுவரை அவருடன் சண்டை போடுகிறாள்.

என் சந்தேகப் புத்தி மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் யாராவது என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றினால், இப்போதெல்லாம் அவர்களைத் துருவுவதற்கு முன்னால், அவர்கள் என்னிடம் வந்து சொல்லும்படி என் முகம் இருக்கிறதா என்றுதான் யோசித்துப் பார்க்கிறேன்.