மூக்கால் பக்கம் திருப்பியவர்

ஆரணியில் எங்கள் தெருவில் ஜெகநாதன் வீட்டுத் தறிச் சத்தம் நின்றால், அவர் புத்தகத்தில் ஒரு பக்கம் திரும்புகிறது என்று அர்த்தம். பட்டு நெய்கிறவருக்கு ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றில், மறு கை ஊடிழையை அடிக்கும் பலகையில், கால்கள் இரண்டும் தறிக் குழிக்குள் மிதியில். பக்கம் திருப்ப வேண்டுமானால் தறியை நிறுத்தித்தான் ஆகவேண்டும். படிப்பதோ மர்ம நாவல். கதை சூடு பிடித்தால் தெருவே அமைதியாகிக் குழந்தைகள் தூங்கிவிடும்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு அப்படி ஒரு நாவல், பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஜமீன்தாரைக் கொன்றது யார் என்று சொல்லப் போலீஸ்காரர் வாயைத் திறக்கிற இடத்தில், கடைசிப் பதினாறு பக்கத்தைக் காணோம். ஜெகநாதன் கடைக்காரரைத் திட்டினார். பிறகு சமையல்காரனைச் சந்தேகித்தார். அதன்பின் கதையில் வரும் டாக்டரை. அந்த வருஷம் காய்ச்சல் வந்தும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அவர் மனைவி எழிலரசி மட்டும் முதல் வாரமே, "ஜமீன்தாரோட தங்கச்சிதாங்க" என்றாள்.

"உனுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

வேறு பிரதி எங்கும் கிடைக்கவில்லை. போன மாதம் எழிலரசி அதே நாவலைத் தன் போனில் வாங்கி நீட்டினாள்.

"போன்ல படிக்கறதெல்லாம் ஒரு படிப்பா? தொட்டா தாள் இருக்கணும்." பட்டோ தாளோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துத்தான் அவர் எதையும் நம்புவார்.

"பதினோரு வருஷமா பேஜார் பண்றீங்க. கொலகாரி உள்ள குந்திகினு இருக்கா, படிங்க."

நான்கு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போன சமயம் போனை எடுத்துத் தேய்த்தார். பக்கம் அசையவில்லை. நாற்பது வருஷம் பட்டு இழையில் உரசிக் காய்த்து வழவழத்த விரல். ரேஷன் கடைக் கைரேகை மெஷினே அதை விரல் என்று ஒப்புக்கொள்வதில்லை.

எழிலரசி குடத்தோடு வந்து நின்றாள். "இன்னாங்க, படிச்சிகினு இருக்கீங்களா?"

"நான்தாண்டி அத்த வேணாம்னேன். அது எப்படி என்னை வேணாங்கும்?"

இது மானப் பிரச்சினையாகிவிட்டது. முழங்கையால் முயன்றார். நாக்கை நீட்டியவர், எழிலரசியின் முகத்தைப் பார்த்து உள்ளே இழுத்துக்கொண்டார். கோபத்தில் குனிந்து முறைத்தபோது மூக்கு நுனி பட்டது. பக்கம் திரும்பியது.

யோசித்தால், நெய்கிறவருக்குத் தறியில் சும்மா இருக்கிற உறுப்பு மூக்கு ஒன்றுதான். போனை மூக்கு உயரத்தில் கயிறு போட்டுக் கட்டினார். பழைய கொலையை நடுவில் போய்ப் பிடிப்பது முறையில்லை என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஒன்பது நாள் தறி நிற்கவேயில்லை. தெருக் குழந்தைகள் தூங்கவுமில்லை. அந்த ஒன்பது நாளில் நான்கு புடவை நெய்து இறக்கினார். நம்பாதவர்கள் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம்.

பத்தாம் நாள் காலை தறி நின்றது.

"தங்கச்சிதான்" என்றார்.

"அதான் அன்னிக்கே சொன்னேனே."

"முதல் வாரமே எப்படிடி சொன்ன?"

எழிலரசி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "கிழிக்கறதுக்கு முன்னாடி படிச்சேன்."

ஜெகநாதன் குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"முகூர்த்தப் புடவ ஜல்தியா வேணும்னு மொதலாளி வாசல்ல நின்னுகினு இருந்தாரு. நீங்க பக்கத்துக்குப் பக்கம் தறிய நிறுத்தினீங்க. புடவ போனப்புறம் குடுத்துடலாம்னு அரிசி டிரம்முக்குப் பின்னால வெச்சேன். எலி தின்னுடுச்சி."

"பதினாறு பக்கமுமா?"

"ஒண்ணு வுடல."

அவர் போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எலி பூராதில்ல?"

"பூராதுங்க."

"அப்ப இன்னொரு நாவல் வாங்கு. தடியா இருக்கட்டும்."