வரணியில் முதல் டிராகன் பழத்தைத் தின்றவன்

நாலாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஒரேயொரு தகர அச்சை வைத்துக்கொண்டு சீமெந்துக் கல் அரியத் தொடங்கினேன். அந்த வருமானத்தில் பருத்தித்துறையில் காணி வாங்கினேன், கல்வீடு கட்டினேன், மூன்று பெண்களுக்குக் கலியாணம் செய்து வைத்தேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரையில்லாமல் கிடந்த பட்டறையை என் கையாலேயே மறுபடி எழுப்பினேன். கடலோடிக் குடும்பத்தில் பிறந்து கடலுக்குப் போகாதவன் என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் வளவுகளிலும் இன்று என் அச்சில் வார்த்த கொங்கிறீற் தூண்தான் நிற்கிறது. எழுபத்தொரு வயதில் ஒரு பழம் தின்னப் போன பயணத்தை எழுதுகிறேன். போனவன் யாரென்று தெரிந்தால்தான் அதன் பெறுமதி விளங்கும்.

சித்திரை வருசம் பிறந்து இரண்டாவது கிழமை. ஐந்து நாளாக விடாத மழை. வரணியிலிருந்து யோகமலர் போன் எடுத்தாள். புருசன் கட்டாரில், இவள் தனியாகத் தோட்டம் செய்கிறாள். மூன்று வருசத்துக்கு முன் நாலு பரப்பில் டிராகன் பழம் வைக்க என்னிடம் நூற்றுப்பத்துத் தூண் வாங்கியவள். கள்ளி மாதிரிக் கொடி. தூணில் ஏறி, மேலே கட்டிய பழைய மோட்டார் சைக்கிள் ரயரில் தொங்கும். முதற்பழம் பழுத்துவிட்டது, வந்து பாருங்கள் என்றாள்.

அடுத்த நாள் காலை 6.40க்குக் கொடிகாமம் பஸ். வரணிக்கு எண்பது ரூபாய். பக்கத்தில் கீரைக்கட்டுகளோடு ஒரு மனிசி இருந்தா. எங்கே போகிறேன் என்று கேட்டா, சொன்னேன்.

"உந்தக் கள்ளிப்பழம் தின்னவோ இந்த மழைக்கை போறியள்? வாய் சொறிஞ்சால் மோர் குடியுங்கோ" என்றா.

முள்ளி வெளியில் இரண்டு பக்கமும் வெள்ளம், நடுவில் றோட்டு மட்டும். வரணியில் இறங்கி அரை மைல் குடையோடு நடந்தேன்.

8 மணிக்குத் தோட்டத்தில் நின்றேன். நூற்றுப்பத்துத் தூணில் ஒன்றுகூடச் சரியவில்லை. பழங்கள்தான் சரியில்லை. மூன்று, மழைத் தண்ணீரை அளவுக்கு மேல் குடித்து வெடித்துவிட்டன. மிச்சம் பச்சைக் காய். பழுத்து முழுசாக இருந்தவை இரண்டே இரண்டு. யோகமலர் அவற்றைத் தட்டில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள்.

புருசனின் தமையன் செல்லத்துரை அங்கே வந்தார். காணி அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. முதற்பழத்தைப் பிள்ளையாருக்குப் படைத்து ஊர்ச்சனம் வாயில் வைத்தால் தோட்டம் இருக்கட்டும், இல்லையென்றால் மழை விட்டதும் தூணைப் பிடுங்கி வாழை வைப்பது என்று அவருக்கும் யோகமலருக்கும் பேச்சாம். படைக்கும்வரை அந்த வீட்டில் ஒருவரும் தொட மாட்டார்கள். கோயில் சனமும் அப்படித்தான்.

10 மணிக்குக் கோயில். ஐயர் தட்டைப் பார்த்தார், தொடவில்லை. கொழும்பில் சனம் இதைத் தின்னும் படத்தை யோகமலர் போனில் காட்டினாள்.

"கொழும்பிலை சாப்பிடுகினம் எண்டு எனக்கும் தெரியும், பிள்ளை. இந்த மண்ணிலை காய்ச்சதை ஆர் திண்டது? ஒராள் திண்டு, ஒண்டும் செய்யாது எண்டு சொன்னால் படைக்கிறன்" என்றார்.

படைக்காமல் ஒருவரும் தின்ன மாட்டார்கள். ஒருவராவது தின்னாமல் இவர் படைக்க மாட்டார். செல்லத்துரை மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார், முகத்தில் வாழைத்தோட்டம் தெரிந்தது. யோகமலர் தட்டைத் திரும்ப மூடினாள்.

"நான் இந்த வீட்டு ஆளுமில்லை, இந்தக் கோயில் ஆளுமில்லை. ஒண்டை இஞ்சை தாங்கோ" என்றேன்.

வெளி மண்டபத்தில் உட்கார்ந்து வெட்டினேன். தோல் செம்பரத்தம்பூச் சிவப்பு, உள்ளே பீற்றூட்டை விடச் சிவப்பு, இடையிடையே எள்ளைவிடச் சின்னக் கறுப்பு விதைகள். முதல் துண்டை வைக்கும்போது கொஞ்சம் பயம் இருந்தது, மறைப்பானேன். வாய் சொறியவில்லை. கசப்பில்லை. குளிர்ச்சியாக, நுங்குக்கும் வெள்ளரிப்பழத்துக்கும் நடுவில் ஒரு ருசி. வேட்டியில் சிவப்புச் சாறு சிந்தியது. முழுப்பழத்தையும் தின்றேன். எனக்கு ஏதும் செய்கிறதா என்று அரை மணித்தியாலம் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"நாக்கு சிவந்து போச்சு" என்றார் செல்லத்துரை.

"வெத்திலை போடுற உம்மடை நாக்கு இதைவிடச் சிவப்பு."

ருசி எப்படி என்று யோகமலர் மெல்லக் கேட்டாள். பொய் சொல்லி ஒரு தூணும் நான் விற்றதில்லை.

"இனிப்புக் காணாது, இன்னும் வேணும்" என்றேன். அவள் முகம் செத்துப்போனது. செல்லத்துரை வாய் திறக்க முந்தி நானே சொன்னேன்: "மழை குடிச்ச பழம் உப்பிடித்தான் இருக்கும். வார்த்த அண்டைக்கே தூணிலை ஆரும் பாரம் ஏத்துறேல்லை, தம்பி. ஈரம் காய விடோணும். வெயில் எறிக்கட்டும், அடுத்த பழத்தைக் கேளும். ஆனால் இது நல்ல பழம். ஓம், நான் சொல்லுறன்."

ஐயர் மற்றப் பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நண்பகல் பூசைக்குப் பிறகு அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். செல்லத்துரை ஒரு துண்டு தின்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். வாழையை மேற்குப் பக்கத்துக் காணியில் வைக்கலாம் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். யோகமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அது மழையில்லை.

ஐயர் சனத்துக்கு நாலு வார்த்தை பேசினார். பிள்ளையாரின் அருள் என்றார், யோகமலரின் உழைப்பு என்றார், செல்லத்துரையின் பெரிய மனசு என்றும் சொன்னார். அதோடு முடித்துவிட்டார்.

2.30 பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் பருத்தித்துறைக் கரையில் பெரிய மீன் ஒன்று வந்தால், யாருடைய வள்ளம், யார் தூண்டில் போட்டது என்று பேர் சொல்லித்தான் அடுத்த கதை கதைப்பார்கள். வரணிப் பக்கம், தென்மராட்சியில் அந்த வழக்கம் இல்லைப் போலிருக்கிறது. இனிப் பழகட்டும்.

தூணுக்குக் காசு வாங்கிவிட்டேன், அதற்காக ஒன்றும் கேட்கவில்லை. நாக்குக்கு நான் காசு வாங்கவில்லை. தோட்ட வாசலில் பெயர்ப்பலகை வைக்கப் போவதாக யோகமலர் சொன்னாள். அதில், இந்த மண்ணில் காய்த்த பழத்தை முதலில் தின்று சொன்னவர் பருத்தித்துறைச் சிவக்கொழுந்து என்று எழுத வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற அளவு எழுத்தில்.