மண்ணில் கரி ஏற்றிய எங்கள் அக்கா

மண்ணில் கரி ஏற வேண்டும் என்று எங்கள் அக்கா சொன்னதைக் கேட்டு, இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு மூட்டை அடுப்புக்கரி வாங்கிப்போய் அக்காவின் நிலத்தில் கொட்டியவன் நான். இத்தனைக்கும் அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அப்படிப்பட்டவனைத்தான் இந்த முதலாண்டு நினைவு மலருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், பொறுத்தருள்க.

அக்கா சென்னைக்கு மேற்கே நூம்பலில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு செய்த நிலத்தையே, கணவரை இழந்த பிறகு பால் விற்ற காசில் வாங்கினார். அதற்குள் பழைய உரிமையாளர் மேல்மண்ணைச் சுரண்டி லாரி லாரியாக விற்றிருந்தார். மிஞ்சியது வெளுத்த கட்டாந்தரை.

கால்நடை வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்த அக்கா அதில் கொழுக்கட்டைப்புல் விதைத்தார். கரி என்றால் கார்பனாம். காற்றிலுள்ள அதைப் புல் இழுத்து வேருக்கு அனுப்புமாம். மாடு ஒட்ட மேய்ந்தால் வேரும் செத்துவிடும். பாதிப் புல் நிற்கும்போதே மாற்றிக் கட்டினால் வேர் ஆழ இறங்கும், பழைய வேர் மக்கி அந்தக் கரி மண்ணிலேயே தங்கும். நான் கொட்டியதைப் பொறுக்கியபடியே இதைச் சொன்னார். நிலத்தைப் பங்கு பங்காகப் பிரித்து முளையடித்தார். மேய்ந்த பங்கு தழைக்கும்வரை எந்த மாடும் அங்கே திரும்பாது.

விற்கச் சொல்லி வராதவர் இல்லை. உறவினர்களே, நீங்களும் வந்தீர்கள், காபியும் குடித்தீர்கள். இந்த விலை போகிற இடத்தில் புல் வளர்ப்பது பைத்தியக்காரத்தனம் என்றார் பெரியப்பா மகன். அக்கா கறப்பதை நிறுத்தவில்லை.

"நீ பிளாட் போட்டுக்கோ நைனா. என் மாடு இன்னா, செங்கல்லா துன்னும்?"

மழையில் சுற்றுத் தெருக்களெல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்றபோது, அக்காவின் நிலம் குடித்துக்கொண்டே இருந்தது. வெட்டினால் மண் கறுப்பாக, பொலபொலவென்று வந்தது.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோதும், பார்க்கப் போனவர்களிடம் மாடு எந்தப் பங்கில் நிற்கிறது என்றுதான் கேட்டார். அவரை மருத்துவமனைக்கு ஏற்றிச்சென்ற ஷேர் ஆட்டோ நண்பர்களையும், சாணி நாறுகிறது என்று சண்டை போட்டுக்கொண்டே கஞ்சி வைத்துத் தந்த எதிர் அடுக்ககத்துப் பெண்களையும் எங்கள் குடும்பம் மறக்காது.

பதினாறாம் நாள் பந்தியிலேயே விலைப்பேச்சு தொடங்கிவிட்டது. நிலம் இப்போது அக்கா மகளுடையது. அவள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சோற்றுக்கையோடு எழுந்தேன். ஒரு பிடி மண்கூட விலைக்கில்லை, இனி கேட்கிறவர் என்னிடம் கேட்கட்டும் என்று மண்டபம் அதிரச் சொன்னேன். இன்று அச்சிலும் அதையே சொல்கிறேன். பெருமையோடு அவளைப் பார்த்தேன்.

"சாப்ட்டுட்டு போய் மாட்ட மாத்திக் கட்டு மாமா" என்றாள்.